முதலில் கோடு, அப்புறம் உருவம்: ஒரு பழைய ஹன்டர் கிட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த விவகாரத்தில் இரண்டு பேர். கட்டியவர் நாற்பதைத் தாண்டியவர். பள்ளி நாட்களில் நாலைந்து பிளாஸ்டிக் விமானங்கள் ஒட்டியிருக்கிறார். அப்புறம் இருபத்தைந்து வருடம் பசைக் குப்பியைத் தொடவே இல்லை. இன்னொருவர் நான். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன், இந்தப் பொழுதுபோக்கை இடையில் விடாதவன். வேலை அவருடையது, யோசனை என்னுடையது. நடந்த தவறுகளில் பெரியது யோசனைப் பக்கம்தான் நடந்தது. அது கீழே அதன் இடத்தில் வரும்.

கிட், அதாவது ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி, 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஹாக்கர் ஹன்டர் எஃப்.6 போர் விமானம். அச்சு 1960-களைச் சேர்ந்தது. முன்பு யாரோ திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்த பெட்டி; பாகங்கள் எல்லாம் இருந்தன. நான்கு மாதம் கழித்து ஒரு மாடல் கண்காட்சி இருந்தது. அதற்குள் முடித்து, பக்கத்தில் வைக்கப்படும் புதுக் கிட்டுகளோடு நிற்கும்படி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

ஹன்டர் முதலில் பறந்தது 1951 ஜூலை 20 அன்று. சிட்னி காம் வடிவமைத்த ஒற்றை எஞ்சின் ஜெட். 1953 செப்டம்பரில் சோதனை விமானி நெவில் டியூக் மணிக்கு 1,171 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்தது இந்த விமானத்தின் ஒரு மாதிரியில்தான். அதன் அழகு முழுக்க வழவழப்பான வளைவுகளில் இருக்கிறது. கரடுமுரடான வேறு விமானங்களில் மறைந்துபோகிற அச்சுக் குறைகள் ஹன்டரில் மறையாது. எங்கள் சிக்கல் பாதி அங்கேயே தொடங்கிவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் தெரிந்தவை

அந்தக் காலத்து அச்சுகளில் பேனல் கோடுகள் (விமானத்தின் தோல் தகடுகள் சேரும் கோடுகள்) பள்ளமாக இருக்காது, மேடாக இருக்கும். இதிலும் அப்படித்தான். போதாததற்கு இறக்கை முழுக்க ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) புள்ளிகள். ஒரு புள்ளியை அளந்தபோது கிட்டத்தட்ட 0.3 மி.மீ. அகலம் வந்தது. அதை 72-ஆல் பெருக்கினால் 21.6 மி.மீ.; நிஜ விமானத்தில் சட்டைப் பொத்தானைவிடப் பெரிய குமிழ்கள். நிஜ ஹன்டரின் தோலில் ரிவெட்டுகள் மட்டமாகவே பதிந்திருக்கும், விரலை ஓட்டினால் தட்டுப்படாது.

மற்றவை வேகமாக: இறக்கையின் பின் விளிம்பு ஒரு மி.மீ. தடிமன், அதாவது நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர். காக்பிட்டில் ஒரு தட்டும் அதில் விமானி உட்கார ஒரு முளையும் மட்டும். காற்று உள்ளே போகும் வாய்கள் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன் விளிம்பில் இருக்கின்றன, அவற்றின் வழியே பார்த்தால் உடலின் காலி உட்புறம் தெரிந்தது. பின்னால் ஜெட் குழாய் நாலு மி.மீ. ஆழத்தில் முடிந்துவிட்டது. காக்பிட்டை மூடும் கானோப்பி கண்ணாடி பழைய மூக்குக்கண்ணாடி அளவுக்குத் தடிமன். சின்னங்களும் எண்களும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள் மஞ்சளித்திருந்தது.

அளவு மட்டும் நன்றாக இருந்தது. ஹன்டர் எஃப்.6-இன் இறக்கை அகலம் 10.26 மீட்டர், நீளம் 13.98 மீட்டர், 1/72-இல் 142.5 மி.மீ.-யும் 194 மி.மீ.-யும் வர வேண்டும். இரண்டுமே ஒரு மி.மீ.க்குள் வந்தன. இதைச் சரிபார்க்க அவர் ஒரு வரைபடத்தை அச்செடுத்து அதன்மேல் பாகங்களை வைத்துப் பார்த்தார். அச்செடுக்கும்போது படம் சுருங்கியிருக்கும் என்று முதலில் படத்தையே ஸ்கேல் வைத்து அளந்தார். நல்ல பழக்கம், நான் சொல்லாமலே செய்தார்.

வரைபடத்தில் ஒன்று பொருந்தவில்லை. அவர் செய்ய நினைத்த விமானத்தின் புகைப்படத்தில் இறக்கையின் முன் விளிம்பு நுனிப் பக்கம் ஒரு பல் போல முன்னால் தள்ளியிருந்தது. வேகத்தில் மூக்கு தானாக மேலே எழும் தொல்லையைக் குறைக்க எஃப்.6-இல் சேர்த்த மாற்றம் அது, ‘டாக்டூத்’ என்பார்கள். கிட்டில் முன் விளிம்பு நேராக இருந்தது. கவனித்தோம், நோட்டில் எழுதினோம், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டோம்.

முதல் முடிவு: கோடு கீறுதல்

அவர் முதலில் கையில் எடுத்தது பேனல் கோடுகளை: மேட்டுக் கோடுகளுக்குப் பதில் பள்ளமாகக் கீறுவது. காரணம் எளிது, கண்ணை உறுத்தியது அதுதான். பாகங்கள் தனித்தனியாக இருக்கும்போது தட்டையாக வைத்துக் கீற வசதி என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்ததால் நானும் தலையாட்டினேன்.

செய்த விதம் இது. மேட்டுக் கோட்டின் ஓரத்தில், எழுத்துப் பொறிக்கிற தடிப்பான லேபிள் டேப்பை ஒட்டிக்கொண்டார். கைப்பிடியில் பொருத்திய ஊசியை டேப்பின் விளிம்போடு இழுத்தார். முதல் இழுப்பில் அழுத்தமே கூடாது, ஊசியின் எடை மட்டும் போதும்; வழி விழுந்த பிறகு மூன்று நாலு முறை. எல்லாக் கோடும் கீறியானதும் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மேட்டையும் ரிவெட்டையும் தேய்த்து எடுத்தார்.

இந்தக் கிட்டின் பிளாஸ்டிக் கடினமானது. ஊசி வளைவில் ஏறும்போது வழுக்கியது. வழுக்கின கீறலைச் சூப்பர் குளூ வைத்து அடைத்தார். அது முழுசாகக் காய்ந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்புறம் தேய்த்தால் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் குழியும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். முதல் தடவை மறுநாள் வரை விட்டுவிட்டார், இறக்கை மேல் ஒரு சின்ன மேடு நின்றுபோனது.

கிட்டத்தட்ட ஆறு வாரம் மாலைகள் இதற்கே போயின. முடிந்தபோது இறக்கைகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இறக்கையை ஒட்டியபோது

பிரச்சினை இங்கே வெடித்தது. இறக்கையை உடலோடு சேர்த்துப் பார்த்தால் மேல்பக்கம் ஒரு மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும். ஒட்டுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பார்க்கும் சோதனையை இறக்கையின் மேல் பாதிக்கு மட்டும் செய்திருந்தோம். மேலும் கீழும் சேர்ந்த முழு இறக்கைக்குச் செய்யவில்லை.

அவர் புட்டி வைத்து அடைத்தார். புட்டி காய்ந்து சுருங்கியது, மறுபடி வைத்தார். மூன்றாவது தேய்ப்பில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இருந்த பேனல் கோடுகள் முழுக்கப் போய்விட்டன. உடல் பக்கத்திலும் இரண்டு கோடுகள் மங்கின.

அப்போதுதான் நோட்டில் விட்டு வைத்த டாக்டூத் நினைவுக்கு வந்தது. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை முன் விளிம்பில் ஒட்டி, வளைவுக்கு ஏற்றபடி சீவித் தேய்க்க வேண்டும். தேய்த்தால் அங்கே கீறிய கோடுகளும் போகும். போயின. பின் விளிம்பை மெலிதாக்கச் சுரண்டியதில் ஏலரான் (பின் விளிம்பில் அசையும் பலகை) கோட்டின் முனைகளும் போயின.

ஆக, ஆறு வாரம் கீறியதில் மூன்றில் ஒரு பங்காவது மறுபடி கீற வேண்டி வந்தது. இம்முறை பாகங்கள் ஒட்டிய நிலையில், டேப் சரியாக உட்காராத மூலைகளில்.

இடைவெளிக்குப் புட்டி சரியான மருந்தே அல்ல. உடலின் இரு பாதிகளை ஒட்டும் முன், உள்ளே ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டு ஒன்றைக் குறுக்கே முட்டுக் கொடுத்திருந்தால் உடல் அரை மி.மீ. விரிந்திருக்கும், இடைவெளியில் பாதி தானாக மூடியிருக்கும். மீதிக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஒட்டியிருக்கலாம். தகடு சுருங்காது, தேய்க்க வேண்டியதும் கொஞ்சம்தான். தகடு செருகுவதை அவர் இரண்டாவது பக்கத்தில் செய்தார். அந்தப் பக்கம் இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது.

மூக்குக்கு எடை

மூன்று சக்கரக் கால் உள்ள ஜெட் மாடல்கள் மூக்கில் எடை இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். எவ்வளவு எடை என்பதை ஊகிக்கத் தேவையில்லை. எல்லாப் பாகத்தையும் டேப் போட்டு இணைத்து, பிரதான சக்கரம் வரும் இடத்தில் இரண்டு பென்சில் மேல் நிறுத்தி, மூக்கின் மேல் எடையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மூக்கு சாயும் எடையோடு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், வாலில் ஏறப்போகும் பெயின்ட்டுக்காக. இதற்கு 12 கிராம் என்று முடிவாயிற்று.

தூண்டில் எடைக்கான ஈயக் குண்டுகள் அவரிடம் இருந்தன. “எதுல ஒட்டலாம் அண்ணே?” என்று கேட்டார். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை ஊற்றிவிடு, குண்டுகளுக்கு நடுவில் புகுந்து பிடித்துக்கொள்ளும் என்றேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு மாடலில் நான் அப்படித்தான் செய்தேன். அந்த மாடல் இப்போது என்னிடம் இல்லை. ஆகவே அதற்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

காக்பிட்டும் வயிற்றுப் பக்கமும்

மார்ட்டின்-பேக்கர் எஜெக்‌ஷன் இருக்கை ஒன்றை அவர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்தார். பட்டைகள் மாஸ்கிங் டேப்பில். கறுப்பு பெயின்ட். அழகான வேலை. கானோப்பியை மூடினால் இருக்கையின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. கண்ணாடியை 600, 1000, 2000 என்று தேய்த்து, கடைசியில் பற்பசை வைத்து மெருகேற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. தடிமன் மேலே மட்டும் இல்லையே, பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அது உருவத்தை வளைக்கிறது.

அதைவிட வயிற்றுப் பக்கம் நடந்தது சொல்லத் தக்கது. ஹன்டரின் மூக்கின் கீழே நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் ஒரே பெட்டியாக இருக்கும். குண்டு தீர்ந்ததும் பீரங்கிக் குழல்களை விமானத்திலேயே விட்டுவிட்டுப் பெட்டியை இறக்கி, நிரப்பிய இன்னொன்றை ஏற்றுவார்கள். சுடும்போது கழன்று வரும் இணைப்பு வளையங்கள் விமானத்தின் உடலைத் தாக்காமல் சேர்த்துக்கொள்ள, வயிற்றில் இரண்டு வீக்கங்கள் வைத்தார்கள். அக்காலத்து ஆங்கில நடிகை ஒருவரின் பெயரால் அவற்றை ‘சப்ரினா’ என்று அழைத்தார்கள். விமானப்படைக்காரர்களின் நகைச்சுவை எந்த நாட்டிலும் அந்த ரகம்தான். கிட்டில் அவை அரைப் பட்டாணி போல அச்சிட்டிருந்தன. உடலின் சேர்ப்புக் கோடு இரண்டுக்கும் நடுவில் ஓடியது. கோட்டைத் தேய்க்கும்போது உப்புத்தாள் ஒரு பக்கம் ஏறி, இடதுபக்க வீக்கம் பாதி தட்டையாகிவிட்டது. எபாக்ஸி புட்டி உருண்டை ஒன்றை வைத்து ஈர விரலால் நீவி மறுபடி உருவாக்கினார். அடுத்த பக்கத்தோடு ஒப்பிட, பக்கவாட்டில் டார்ச் அடித்து நிழலைப் பார்த்தார். நிழல் இரண்டும் ஒரே நீளம் வந்ததும் விட்டார். தேய்க்கும் முன் வீக்கத்தின் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டியிருந்தால் இந்த ஒரு மாலை மிச்சம்.

காற்று வாய்க்குள் கறுப்புத் தகடு, ஜெட் குழாய்க்கு மெல்லிய அலுமினியக் குழல். இரண்டும் சேர்த்து அரை மணி நேர வேலை. முழு மாடலிலும் உழைப்புக்கு அதிகமாகப் பலன் தந்தது இந்த அரை மணி நேரம்தான்.

வெள்ளி வண்ணம்

அவர் தேர்ந்தெடுத்தது 1950-களின் பிற்பகுதித் தோற்றம்: மேலே கரும்பச்சையும் கடல் சாம்பலும் கலந்த திட்டுகள், கீழே வெள்ளி. மேல்பக்கம் முதல் தடவையே நன்றாக வந்தது. கீழ்பக்கம் வெள்ளி பூசியதும் வழுக்கின கீறல், தேய்த்த தடம், புட்டியின் ஓரம் என எல்லாம் மேலே வந்து நின்றன. அடிப்பூச்சான சாம்பல் பிரைமரில் குறையில்லாமல் தெரிந்த இடங்கள் இவை. பிரைமர் மங்கல், உலோக வண்ணம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் நூலளவு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

மூன்று முறை தேய்த்துப் பூசினார். நாலாவது தடவைக்கு நேரமில்லை, கண்காட்சி இரண்டு வாரத்தில். “கீழ்ப்பக்கத்தை யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?” என்றேன். “நான் பார்ப்பேன்” என்றார். இருந்தாலும் நிறுத்திக்கொண்டார். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

டெக்கால்

மஞ்சள் போக, தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் பத்து நாள் ஒட்டி வைத்தார். மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துப் போனது. பழைய டெக்காலில் இன்னொரு ஆபத்து உண்டு: தண்ணீரில் போட்டதும் படலம் நொறுங்குவது. தேவையில்லாத ஒரு எண்ணை வெட்டிச் சோதித்தார். கிண்ணத்தில் அது ஏழெட்டுத் துண்டாக மிதந்தது.

தாள் முழுக்கப் பளபளப்பான கிளியர் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துக் காயவைத்தோம். இப்போது ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு புதுப் படலம் சேர்ந்துவிட்டது. ஆனால் தாள் முழுக்க ஒரே படலம், எனவே ஒவ்வொன்றையும் படத்தின் ஓரம் ஒட்டியே வெட்ட வேண்டும். வட்டச் சின்னங்கள் ஆறில் ஐந்து முழுசாக வந்தன. ஆறாவது, இடது இறக்கையின் கீழ்ப்பக்கத்துச் சின்னம், நீல வளையத்தில் கிழிந்தது. ஒத்த நீலத்தைக் கலந்து தூரிகையால் தொட்டு ஒப்பேற்றினார்.

கண்காட்சியில் மாடல் இடம் பிடித்தது, பரிசு வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த புதுக் கிட் ஹன்டர் ஒன்றோடு ஒப்பிட்டால் கோடுகளில் இது கொஞ்சம் தடிப்பு. உருவத்தில் குறை இல்லை.

எட்டு மாதம் கழித்து

மாடல் கண்ணாடி மூடிய அலமாரியில் இருந்தது. ஒரு காலை அவரிடமிருந்து படம் ஒன்று வந்தது. கூடவே ஒரு வரி: “அண்ணே, மூக்கு வாய் திறக்குது.”

மூக்கின் கீழ்ச் சேர்ப்பு, சக்கரக் குழிக்கு முன்னால் மயிரிழை அளவு பிளந்திருந்தது. பசை விட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். பிளவில் வெள்ளைத் தூள் தெரிந்ததும்தான் புரிந்தது.

வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் வகை. அது கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமில ஆவியை விடும். வினிகரின் புளிப்பு அதே அமிலம்தான். அமிலமும் ஈரமும் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து ஈயத்தை அரித்து, வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. பழங்காலத்தில் வெள்ளை பெயின்ட்டுக்கான நிறமியை இதே முறையில்தான் செய்தார்கள்: ஈயத் தகடுகளை வினிகர்ப் பானைகளோடு அடைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். நாங்கள் அந்தப் பானையை விமானத்தின் மூக்குக்குள் வைத்து ஒட்டியிருந்தோம். உண்டாகும் பொருளுக்கு ஈயத்தைவிட அதிக இடம் தேவை. மூடிய மூக்குக்குள் அது சேர்ப்பைப் பிளக்காமல் வேறு எங்கே போகும்?

பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். மூடி வைத்தால் அரிப்பு நிற்காது. தூள் நச்சு, அதனால் கையுறை போட்டு, எல்லாவற்றையும் ஈரமாக வைத்து, உலர்வாக எதையும் தேய்க்காமல் வேலை செய்தார். மெல்லிய ரம்பத்தால் சேர்ப்புக் கோட்டின் வழியே மூக்கிலிருந்து காக்பிட் வரை அறுத்தார். குண்டுகள் வெள்ளைச் சொரசொரப்போடு ஒன்றோடொன்று ஒட்டி, கல்லுப்புக் கட்டி போல வெளியே வந்தன.

புது எடைக்கு எஃகு பேரிங் குண்டுகள், எபாக்ஸியில் பதித்து. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுடையது 7.8, அதே 12 கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். மூக்கில் இடம் போதவில்லை. காக்பிட் தளத்துக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் மீதியைத் தள்ளினார். பின்னால் தள்ளிய எடைக்குப் பலம் குறைவு என்பதால் இரண்டு குண்டு கூடுதல்.

மாற்றிச் செய்யவிருப்பவை

அடுத்த பழைய கிட்டுக்கு அவர் ஏற்கெனவே வரிசை எழுதிவிட்டார். டெக்கால் சோதனை முதல் நாளே. பிறகு முழுப் பாகங்களோடு வெறும் பொருத்தல், வரைபடத்தோடு ஒப்பீடு, உருவத் திருத்தங்கள் எல்லாம். டாக்டூத் மாதிரியானது எதுவும் நோட்டில் தங்கக் கூடாது. சேர்ப்புகள் முடிந்து, பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பது. வளைவில் கீறுவது சிரமம்தான், ஆனால் ஒரே தடவை கீறினால் போதும். கீழ்ப்பக்கம் வெள்ளியாக இருந்தால் அங்கே சக்கரக் கதவும் பீரங்கிப் பெட்டியும் தவிர வேறு எதையும் கீறுவதில்லை.

மூடிய உடலுக்குள் ஈயமும் வெள்ளைப் பசையும் சேரவே கூடாது என்று நானும் எழுதி வைத்திருக்கிறேன். அதே யோசனையை இதற்கு முன் வேறு இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தேன். இருவரிடமும் பேசி மூக்கைப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்றில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. 1/72 அளவில் மேட்டுக் கோடுகளை லேசாகத் தேய்த்துத் தணித்துவிட்டு அப்படியே பெயின்ட் பூசினால் போதும் என்பது என் கட்சி. ரிவெட்டை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அவர் கீறித்தான் ஆவேன் என்கிறார். அடுத்ததாக வாங்கியிருப்பதும் அதே காலத்து அச்சு.

ஹன்டர் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. மூக்கின் கீழே புதிதாகப் பூசிய வெள்ளி, சுற்றியிருக்கும் பழைய வெள்ளியைவிட ஒரு சாயல் வெளுப்பு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அறுத்த இடத்தில் ஒரு கோடு தெரிகிறது.